கறுப்பையா திருப்பி அனுப்பிய போணி

கறுப்பையாவுக்கு மூக்கு வேலை செய்யாது. சளியோ பீனிசமோ இல்லை. கண்டி டவுனில் ஓர் அமிலக் கடையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நின்றதில் மூக்கு செத்துப்போயிற்று. என் சாப்பாட்டுக் கடை அந்தக் கடைக்கு நேர் எதிரே. சாம்பார் அடிப்பிடித்த நாளில் மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவார்கள். கறுப்பையா மட்டும், "நல்லாத்தான் இருக்குண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பான். அப்படி ஒரு வாடிக்கைக்காரன் கிடைக்க ஒரு கடைக்காரன் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கேலியாகத்தான் ஆரம்பிக்கிறேன். அவனைப் பற்றி வேறு எப்படி ஆரம்பித்தாலும் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபத்தில் எழுதினால் யார் மேல் கோபம் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் நேரான பதில் கிடையாது.

அந்தக் கடை அக்குறணை பளீல் ஹாஜியாருடையது. வெளியே பெரிய பெயர்ப் பலகை இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது ஆசிட் கடைதான். நகை செய்கிறவர்கள் வருவார்கள். பிலிமத்தலாவைப் பித்தளைப் பட்டறைக்காரர்கள் குத்துவிளக்கு கழுவ அமிலம் வாங்க வருவார்கள். ரப்பர்ப் பால் உறைய வைக்கிற மருந்துக்குச் சின்னத் தோட்டக்காரர்கள், ஆய்வுகூடச் சாமானுக்குப் பள்ளிக்கூட வாத்தியார்மார், பினாயில் காய்ச்சி வீடு வீடாக விற்கிறவர்கள் என்று கலவையான கூட்டம். கறுப்பையா ஊற்றுவான், நிறுப்பான், மூடியை இறுக்குவான். அவனுக்கு ரசாயனப் பாடமெல்லாம் தெரியாது. எந்த போத்தலை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது மட்டும் கைக்குப் பழகியிருந்தது.

ஹந்தானை மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயமென்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் லயம் எரிந்தபோது அவனுடைய அக்கா குடும்பம் இனி இந்தப் பக்கமே வேண்டாமென்று கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிவிட்டது. இவன் போகவில்லை. டவுனுக்கு இறங்கி வந்து ஹாஜியாரின் கடையில் மூட்டை தூக்க ஆரம்பித்தான். பிறகு சுப்பம்மாவைக் கட்டினான். குண்டசாலையில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போனான். பிள்ளை குட்டி இல்லை. அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவங்க அங்கிட்டு, நாங்க இங்கிட்டு" என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

இனி போணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் அவனைத் தூக்கி விட்டது, அதுவே குழியிலும் தள்ளியது. வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும், கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரம் சரியாக அமைந்தால் அன்றைய நாள் சரியாகப் போகும். முதலில் வருகிறவனை வெறுங்கையோடு அனுப்பினால் அன்று பூராவும் ஈ ஓட்ட வேண்டியதுதான். நானும் இதை நம்புகிறவன்தான். ஹாஜியாரோ என்னைவிடப் பத்து மடங்கு நம்பிக்கைக்காரர். கறுப்பையாவின் கைக்கு ராசி உண்டென்று எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து முதல் ஆளுக்குச் சாமான் கொடுப்பதும் முதல் காசை வாங்கி லாச்சியில் போடுவதும் கறுப்பையாவின் கைதான். ஹாஜியார் பிஸ்மி சொல்வார், இவன் முருகா என்று காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். பெருநாளைக்கு வட்டிலப்பம் முதலில் இவன் வீட்டுக்குத்தான் வரும். அப்படி ஒரு ஒட்டு அவர்களுக்குள்.

இரண்டாயிரத்து ஏழு. வடக்கில் சண்டை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கண்டியில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அந்த நேரத்தில்தான் கடைக்கு ஒரு அழைப்பு வந்தது. விஷவாயு ஆயுதங்களைச் செய்யவோ வைத்திருக்கவோ கைமாற்றவோ கூடாது என்று உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம், இலங்கையும் அதில் கையெழுத்து வைத்திருக்கிறதாம், ஆகவே ரசாயனம் விற்கிறவர்களுக்கு ஒரு ஹோட்டலில் வகுப்பு நடக்குமாம். ஹாஜியாருக்கு ஏசி அறையில் உட்கார்ந்து இங்கிலீஷ் கேட்க ஏலாது. "கறுப்பையா, நீங்க போய்ட்டு வாங்க. சாப்பாடும் தருவானுகள்" என்று அனுப்பிவிட்டார்.

சாப்பாடு தந்தார்கள். ஆனால் அவன் சாப்பிடவில்லை. அன்று பின்னேரம் என் கடைக்கு வந்து ஒரு பிளேன்டி மட்டும் கேட்டான். முகம் செத்துக் கிடந்தது. என்னடா என்று கேட்டேன்.

"படம் காட்டுனாங்கண்ணே. எங்கயோ ஒரு ஊரு. சனங்க ரோட்டுலயே விழுந்து கெடக்குறாங்க. ரத்தம் இல்ல, காயம் இல்ல. ஒரு மனுசன் வாசப்படியில குப்புற விழுந்து கெடக்குறான். அவனுக்கு அடியில ஒரு கைப்பிள்ள. ரெண்டும் செத்துருச்சு."

"அது எங்கேயோ நடந்தது. நீ டீயைக் குடி."

"எங்கயோ நடந்ததுதான். ஆனா அந்தச் சாமான் வானத்துல இருந்தா வந்துச்சு? எல்லாம் கடையில வாங்குனதுதானாம். சாயத்துக்கு, மருந்துக்குன்னு சொல்லி வாங்கிக் கலந்திருக்கானுக. அப்ப எவனோ ஒருத்தன் என்னய மாதிரி கடையில நின்னு நிறுத்துக் குடுத்திருக்கான். அவனுக்கு ஒன்னும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

சோற்றுக் கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்த வகுப்பில் ஒரு ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள். யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார், எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்காமல் விற்காதே என்பது அதன் சாரம். சந்தேகம் வந்தால் சொல்லக் கீழே ஒரு தொலைபேசி எண். தமிழில் இருந்த வாசகத்தைப் படித்தால் தமிழ் தெரிந்தவனுக்கும் விளங்காது, அப்படி ஒரு மொழிபெயர்ப்பு. கறுப்பையா அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஹாஜியார் மாட்டியிருந்த குர்ஆன் ஆயத் படச் சட்டத்துக்குக் கீழே ஒட்டினான். அன்றிலிருந்து பள்ளிக்கூட வாத்தியாரைக்கூட "எதுக்குங்க சேர்?" என்று கேட்க ஆரம்பித்தான். பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். "கறுப்பையா சீஐடியில சேந்துட்டான்" என்று என் கடையில் உட்கார்ந்து நக்கலடித்தார்கள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு மனிதன் வந்தான். மோட்டார் சைக்கிள், இஸ்திரி போட்ட சட்டை, மூன்று பாஷையிலும் சரளம். எந்த ஊர்க்காரன், எந்தச் சாதிசனம் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த நாளெல்லாம் ஹாஜியார் கடையைத் திறக்கிற நேரத்துக்கே வந்தான். சங்கிலியை அவிழ்க்கும்போது வாசலில் நிற்பான். முதலில் சாதாரணச் சாமான்கள் வாங்கினான். நல்ல போணி என்று ஹாஜியாருக்குச் சந்தோஷம். அவன் போணியின் மகிமை தெரிந்துதான் அந்த நேரத்துக்கு வந்தானா, தற்செயலா என்று எனக்கு இன்றும் தெரியாது. எனக்கென்னவோ தெரிந்துதான் வந்தான் என்று படுகிறது.

பிறகு ஒரு திரவம் கேட்டான். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கே படித்தாய் என்று என்னையும் கூப்பிடுவார்கள். கடையில் அது இருப்பில்லை. ஹாஜியாரே முன்வந்து, கொழும்பிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டார். கேன்கள் வந்து இறங்கின. கறுப்பையா அவற்றின் மேலிருந்த பெயரை எழுத்தெழுத்தாக, கவனிக்க வேண்டிய சாமான்களின் பட்டியல் என்று வகுப்பில் கொடுத்த தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தான். தாளில் அது இருந்தது.

அந்த மனிதனிடம் மூன்று கேள்வியையும் கேட்டான். பிலிமத்தலாவையில் சவர்க்காரத் தொழிற்சாலை போடுவதாக அவன் சொன்னான். விலாசமும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கறுப்பையா பஸ் ஏறிப் பிலிமத்தலாவை போனான். சொன்ன இடத்தில் பித்தளை விளக்குக் கடை ஒன்று. அவர்களும் இவனுடைய பழைய வாடிக்கைக்காரர்கள்தான், தேத்தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். சவர்க்காரமா, இங்கேயா என்று சிரித்தார்கள். இவன் சிரிக்காமல் திரும்பி வந்தான்.

மறுநாள் காலை மழை. நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தபோது எதிர்க் கடை வாசலில் அந்த மனிதன் ரெயின்கோட்டோடு நின்றான். உள்ளே கறுப்பையா கையை விரித்து இல்லை என்கிறான். அந்த மனிதன் சிரித்தபடி ஏதோ சொல்கிறான். இவன் மறுபடியும் இல்லை என்கிறான். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போன பிறகு ஹாஜியாரின் சத்தம் தெருவுக்கே கேட்டது.

"என்ன கறுப்பையா இது? முதல் வந்த மனிசன வெறுங்கையோட அனுப்பினா கடையில பரக்கத் ஈக்குமா, யாவாரம் நடக்குமா? இத்தன வருசத்துல ஒரு நாள் இப்பிடிச் செஞ்சீங்களா? நான் வாக்குக் குடுத்து எடுப்பிச்ச சாமான்!"

"மொதலாளி, அந்தாளு சொன்ன எடத்துல பெக்டரி இல்லீங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"பெக்டரி இல்லாட்டி இனித்தான் போடுவான். நீங்க ஏன் போய்ப் பாக்கிய? உங்களுக்கு யார் செல்லின?"

கறுப்பையா கேன்களைப் பின்னறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அன்று பூராவும் மழை விடவில்லை. கடைக்கு ஒரு குருவிகூட வரவில்லை. ஹாஜியார் வாசலைப் பார்த்தார், கறுப்பையாவைப் பார்த்தார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவன் என்னிடம் சொன்னான்.

பின்னேரம் ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்கு என் கடைத் தொலைபேசியிலிருந்து பேசினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். தமிழ் தெரியாது என்றாள். இவன் தனக்கு வந்த சிங்களத்தில் சொன்னான். அது தன் பிரிவு இல்லை, பக்கத்திலிருக்கிற பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள் என்று வைத்துவிட்டாள். தொலைபேசியை வைத்தவன் அதன் மேல் கையை எடுக்காமலே நின்றான்.

நான் சொன்னேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். "டேய், நாடு இருக்கிற இருப்புல ஒரு தமிழன் பொலிசுக்குப் போய்க் கெமிக்கல்னு வாயத் தொறக்கலாமா? வேலியில போற ஓணான எடுத்து மடியில விடாத. நீ விக்கல, அதோட சரி. பேசாம இரு."

"நான் விக்கலண்ணே. இன்னொரு கடையில விப்பான். அங்க இருக்கிறவனுக்குப் படம் காட்டியிருக்க மாட்டாங்க."

"அதுக்கு?"

"அந்தாளோட மூஞ்சி எனக்குத் தெரியும். சைக்கிள் நம்பர் தெரியும். சொன்னாப் பிடிச்சிருவாங்க. நான் என்ன தப்பா செஞ்சேன், பயப்புடுறதுக்கு?"

அடுத்த நாள் தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போனான். என் கடையைக் கடக்கும்போது தலையை ஆட்டிவிட்டுப் போனான். பத்து மணிக்குள் வந்துவிடுவேன், ஹாஜியார் கேட்டால் சொல்லுங்கள் என்றான்.

உள்ளே நடந்ததை அவன் எனக்குப் பின்னால் துண்டு துண்டாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். முதலில் உட்காரக் கதிரை கொடுத்தார்கள். எழுதிக்கொண்டார்கள். இந்தத் திரவத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். விஷவாயு செய்யலாமாம் என்று இவன் சொன்னான். உனக்கு யார் சொன்னது என்றார்கள். வகுப்பு என்றான். வகுப்புக்கு ஹாஜியார் பெயருக்குத்தானே அழைப்பு, நீ ஏன் போனாய் என்றார்கள். பிறகு ஒருவர் சாதாரணமாக, சொந்தக்காரர் யாரும் வடக்கில் இருக்கிறார்களா என்று கேட்டார். பொய் சொல்லத் தெரிந்தவன் இல்லையென்று சொல்லியிருப்பான். மலையகத்தில் எழுபத்தேழில் வடக்கே போன அக்காவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் எத்தனை? இவன் கிளிநொச்சி என்றான். அப்போது கிளிநொச்சி புலிகளின் கையில் இருந்தது உலகத்துக்கே தெரியும். கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார்கள். அந்தக் கதிரையில் அதற்குப் பிறகு அவன் உட்காரவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் நுணல் தன் பாட்டுக்குக் கத்திக் கெடுகிறது. இவன் ஊர் பிழைக்கட்டும் என்று வாயைத் திறந்தான். அந்த வித்தியாசத்தை எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிள் நம்பரை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. தேடியது கடையைத்தான். வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. வகுப்புத் தாள்களை எடுத்துக்கொண்டார்கள், ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துக்கொண்டார்கள். இவனிடமிருந்து பிடுங்கிய சாவியால் பின்னறையைத் திறந்து கேன்களையும் பார்த்தார்கள். ஹாஜியார் கொழும்புக் கம்பெனியின் பில்லை நீட்டினார். எல்லாம் முறையாக இருந்தது. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாமானுக்குப் பில் இருந்தது. கறுப்பையாவுக்குத்தான் பில் இல்லை.

சுப்பம்மா மறுநாளிலிருந்து அவனைத் தேடிச் சோற்றுப் பொதியோடு அலைய ஆரம்பித்தாள். ஒரு இடத்தில் இல்லை என்பார்கள். இன்னொரு இடத்தில் நேற்று வரை இருந்தார் என்பார்கள். பொதியைத் திருப்பிக் கொண்டுவந்து என் கடை மூலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். குண்டசாலை வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், அவரும் பயத்தில் வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டார். ஹாஜியார் ஒரு தடவை வக்கீலோடு போனார். நீங்களும் உள்ளே வந்து இருக்கிறீர்களா என்று ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் போகவில்லை. எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான்தான் எத்தனை தடவை போனேன்? ஒரு தடவையும் இல்லை. ஆத்திரப்படுவது சுலபம்.

கடை கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது கல்லாவில் நின்றது ஹாஜியாரின் மகன் பாரூக். கத்தாரில் வேலை செய்துவிட்டு வந்த நல்ல பிள்ளை. ஹாஜியார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், போணியை மட்டும் தட்டிக் கழிக்காதே என்பது. முதல் ஆளைத் திருப்பி அனுப்பியதால்தான் இத்தனை முஸீபத்தும் வந்தது என்று அவர் மனதார நம்பினார். நடந்ததைப் பார்த்தால் நம்பாமல் எப்படி இருப்பார்?

விடுதலையாகிக் கறுப்பையா வரும்போது சண்டை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒருநாள் போ என்றார்கள், வந்துவிட்டான். ஆள் பாதியாகியிருந்தான். வலது கை நடுங்கியது. அக்கா குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தத் தகவல் இன்றுவரை வரவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே எதிர்க் கடைக்குத்தான் போனான், சுப்பம்மாவைத் தேடிக்கூடப் போகவில்லை. ஹாஜியார் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் பின்னால் போயிருந்தேன். கறுப்பையா அழவில்லை. பின்னறைப் பக்கம் பார்த்தான்.

"மொதலாளி, அந்தக் கேனெல்லாம் எங்கங்க?"

பாரூக்தான் சொன்னான். அவனுக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை.

"அது எப்பயோ போச்சே, கறுப்பையா நானா. கடை திறந்த அன்டைக்கே ஒரு மனிசன் வந்தார், பைக்ல. வாப்பா ஓடர் எடுத்த சாமான்தானே. எல்லாத்தையும் ஏத்திட்டுப் போய்ட்டார். நல்ல போணி."

அந்தப் பிள்ளை அதைச் சந்தோஷமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கறுப்பையா கடை நடுவில் நின்றான். பெயர் கேட்டாயா, விலாசம் கேட்டாயா என்று ஒன்றும் கேட்கவில்லை. பாரூக்குக்கு அவன் கேட்க வேண்டியதைச் சொல்லிக் கொடுக்க அந்தச் சுவரில் ஸ்டிக்கர்கூட இல்லையே.

அன்றிரவு சுப்பம்மாவின் தம்பி வீட்டில் அவள் ஒதுங்கியிருந்த அறையில் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "ஊரு ஒலகத்தக் காப்பாத்தப் போனீங்களே, அத்தன பேருல யாராவது ஒங்களக் காப்பாத்துனாங்களா?" அதை அவன் என்னிடம் சொல்லிவிட்டு, "அவ கேட்டது ஞாயம்தான்" என்றான். நான் வேறு பேச்சுக்குப் போனேன்.

ஹாஜியார் பழையபடி வேலைக்குக் கூப்பிட்டார். போகவில்லை. என் கடையில் கல்லாவில் உட்காரச் சொன்னேன், வந்தான். ஆனால் காலையில் வர மாட்டான். முதல் வியாபாரம் முடிந்த பிறகுதான் படியேறுவான். ஒருநாள் மழையில் ஆளே வராமல் பத்து மணி தாண்டியது. அவன் எதிர்ப்பக்கக் கூரை விளிம்பில் நனைந்துகொண்டே நிற்கிறான். உள்ளே வாடா என்று கத்தினேன். யாராவது சாப்பிடட்டும், அப்புறம் வாறேன் என்றான். கடைசியில் என் காசையே நான் லாச்சியில் போட்டு, போணி முடிந்தது வா என்றேன். அப்போதுதான் வந்தான்.

செய்தியென்றால் விட மாட்டான். ரேடியோவில், பத்திரிகையில், எங்கே ஆட்கள் மூச்சு முட்டிச் செத்தார்கள் என்று தேடுவான். குழாய் வெடித்ததென்றும் கிணற்றுக்குள் வாயு என்றும் செய்தி வந்தால் எந்த ஊர் என்று பார்ப்பான். அந்தக் கேன்கள் சவர்க்காரம் செய்யத்தான் போயிருக்கும், சாயம் காய்ச்சப் போயிருக்கும், எங்கேயோ ஒரு குடோனில் துருப்பிடித்துக் கிடக்கும் என்று நான் விதம் விதமாகச் சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம் என்பான். இருக்கலாம் என்பதைத் தவிர வேறெதையும் அவன் நம்பத் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால் நானும் இல்லை.

பிறகு ஒருநாள் டை கட்டிய ஒரு வாலிபர் எதிர்க் கடைக்கு வந்து புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். அதே இடம், ஆயத்துக்குக் கீழே. இந்தத் தடவை தமிழ் கொஞ்சம் திருத்தமாக இருந்ததாகப் பாரூக் சொன்னான். தொலைபேசி எண் அதுதானா என்று கறுப்பையா கேட்டுவரச் சொன்னான். அதேதான்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆவணி. பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் வடிந்து தெரு குப்பையாகக் கிடந்தது. பத்திரிகையில் சிரியாவில் நடந்த விஷவாயுக் கொலையைப் படத்தோடு போட்டிருந்தார்கள். வரிசையாகப் பிள்ளைகள், வெள்ளைத் துணி சுற்றி. முகத்தில் காயமில்லை. நான் அந்தப் பக்கத்தை மடித்து மறைக்கப் பார்த்தேன், அதற்குள் அவன் வாங்கிவிட்டான். அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருந்தது. எனக்கு மணம் வந்தது, அவனுக்கு வரவில்லை.

"அண்ணே, இது நம்ம கடைச் சாமானா இருக்காதுல்ல?"

"பைத்தியமாடா உனக்கு? அது எந்த நாடு, இது எந்த நாடு. ஒரு நாளும் இருக்காது."

"எப்புடித் தெரியும்?"

நான் அடுப்பிலிருந்து பருப்பை இறக்கிவைத்துவிட்டு வந்தேன். அவன் பத்திரிகையை என் பக்கமே தள்ளிவைத்தான்.

"நம்மளது இல்லாட்டியும் எவனோ ஒருத்தன் நிறுத்துக் குடுத்ததுதான்" என்றான். "அன்னைக்கு அவனுக்கு அது போணியா இருந்திருக்கும். கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கியிருப்பான்."